சீனத்து வரைபடத்தில் இரண்டு முடிச்சுகள்

சரித்திரம் படித்தவளுக்கு எங்கே வேலை கிடைக்கப்போகிறது என்று கேட்டவர்களை எல்லாம் ஒரு நாள் வரிசையாக நிற்கவைத்துப் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அந்த ஆசையை மூட்டை கட்டிக்கொண்டு பதினோரு வருடம் நகரியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போய்வந்தேன். கோச்சிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்ற சம்பளத்துக்குப் பாடம். பிள்ளைகள் குறைந்தால், "அடுத்த பேட்ச்சுக்குச் சொல்றோம் மேடம்" என்று புன்னகையோடு அனுப்பிவிடுவார்கள். அப்படி இருக்கும்போது திருப்பதியில் ஒரு கல்லூரி, சரித்திரத்துக்கு ஒரே ஓர் இடம் என்று டெமோ கிளாஸுக்குக் கூப்பிட்டது. அடுத்த வருடம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதுவும் போனால் இனி கிடையாது என்பது எனக்கும் தெரியும், வீட்டுக்காரருக்கும் தெரியும்.

ஒரு வாரம் முன்னால் தலைப்பைக் கொடுத்தார்கள். சரிந்துகொண்டிருக்கும் ஒரு பேரரசில் அந்நியர்கள் ரயில்பாதை உரிமைகளுக்காகப் போட்ட போட்டி. நான் மஞ்சு வம்சத்துக் கடைசிக்காலச் சீனாவை எடுத்துக்கொண்டேன். மேலோட்டமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் ரயிலில் உட்கார்ந்து படிக்கப் படிக்க எனக்கு வாய் பிளந்துவிட்டது. புத்தூர் வந்ததும் தெரியவில்லை, ரேணிகுண்டா வந்ததும் தெரியவில்லை.

ஜப்பானிடம் தோற்று, கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது அவ்வளவு பெரிய ராஜ்ஜியம். வடக்கே ரஷ்யா தன் ரயிலைக் குறுக்கே விடுகிறது. கிழக்கே ஒரு மாகாணத்தை ஜெர்மனி பிடித்துக்கொள்கிறது. தெற்கே மலையைக் குடைந்துகொண்டு பிரான்ஸ் ஏறுகிறது. நடுவே பெரிய ஆற்றங்கரை முழுக்க எனக்கே என்கிறது பிரிட்டன். பெல்ஜியம்காரன் ஒரு பாதைக்குக் கையெழுத்து வாங்கினால், அவன் முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று மற்ற தூதர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். இதில் ஒரு கடிதப் பரிமாற்றம் என்னை உலுக்கிவிட்டது. பெருஞ்சுவருக்கு வடக்கே நான் பாதை கேட்கமாட்டேன், ஆற்றங்கரையில் நீ கேட்காதே என்று பிரிட்டனும் ரஷ்யாவும் தங்களுக்குள் எழுதிக்கொண்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனை பெரிய துணிச்சல் இது, எத்தனை பெரிய கணக்கு! கோபமும் வந்தது, கூடவே அந்தப் பிரம்மாண்டத்தின் முன்னால் கை கட்டி நிற்கிற மாதிரியும் இருந்தது.

என் வீட்டுக்காரர் வீட்டிலேயே நான்கு விசைத்தறி ஓட்டுகிறார். அந்தச் சத்தத்தில் எதையும் மெதுவாகச் சொல்ல முடியாது. "சீனா! ரயிலு!" என்று கத்தினேன். அவரும் தலையை ஆட்டினார். நான் ஒரு காடாத் துணியில் பென்சிலால் சீனாவின் படத்தை வரைந்து, பாதைகளைக் கோடு போட்டு வைத்திருந்ததை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாமே, கோடு பென்சில்ல கீது? கடேசி பெஞ்சிக்காரனுக்கு எப்டித் தெரியும்? குடு, நூலு வெச்சித் தெச்சிக் குடுக்கறேன்."

ஒவ்வொரு நாட்டுக்கும் என்ன நிறம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். டெமோ அன்று காலை துணியைச் சுருட்டி, பேப்பர் சுற்றி, கையில் கொடுத்தார். நன்றாக வந்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "போய் மாட்டிப் பாரு" என்றார் பெருமையாக. ரயிலில் நிற்கவே இடமில்லை, பிரித்துப் பார்க்கவில்லை. அது என் அசட்டுத்தனம்.

வகுப்பில் முன்வரிசையில் பிரின்சிபால் அம்மா, பக்கத்தில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், பின்னால் பிள்ளைகள். படத்தைப் பலகையில் மாட்டினேன். ரஷ்யாவுக்குச் சிவப்பு, பிரிட்டனுக்கு நீலம், பிரான்ஸுக்குப் பச்சை, ஜெர்மனிக்குக் கறுப்பு, சீனாவின் சொந்தப் பாதைக்கு மஞ்சள். அப்படி ஒரு நேர்த்தி. எனக்கே மெய்சிலிர்த்தது. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, "சாலா பாகுந்தம்மா", ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். அப்புறம் தெலுங்கிலேயே, எல்லாப் பாதையையும் அழகாக இணைத்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார்.

அப்போதுதான் பார்த்தேன். வடக்கே சிவப்பு நூலும், தலைநகரிலிருந்து போன மஞ்சள் நூலும் சந்திக்கும் இடத்தில் ஒரு சின்ன முடிச்சு. தெற்கே மலை ஊரோடு நின்றுபோன பிரெஞ்சுப் பச்சையை இரண்டு விரல் தூரம் இழுத்து, ஆற்றங்கரை நீலத்தோடு இன்னொரு முடிச்சு. நான் போட்டுக் கொடுத்த படத்தில் இந்த இரண்டும் இல்லை. காரணமும் அந்த நொடியே விளங்கிவிட்டது. தறியில் ஓர் இழை அறுந்து தொங்கினால் துணியே கெட்டுப்போகும். இருபது வருடமாக அறுந்த நுனியைப் பார்த்தால் முடிந்துவிட்டே பழகிய கை அது. நான் வேண்டுமென்றே விட்ட நுனிகளை, பாவம், ஏதோ விட்டுப்போனது என்று நினைத்து முடிந்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். பேராசிரியரே பாராட்டிவிட்டார், யாருக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் என் பாடத்தின் உயிரே அந்த இரண்டு இடத்தில்தான் இருந்தது.

"தப்பு சார்," என்றேன். "இவை இணையவே இல்லை. இதைத் தைத்தவர் என் வீட்டுக்காரர், நெசவுக்காரர். நுனி தொங்கினால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஆனால் இந்தப் பாதைகளைப் போட்டவர்களுக்கு நுனி தொங்கவேண்டும்."

கத்தரிக்கோல் இல்லை. தறிக்காரர் பெண்டாட்டிக்குக் கத்தரிக்கோல் எதற்கு? படத்தைப் பிடித்து இழுத்து இரண்டு முடிச்சையும் பல்லால் கடித்து அறுத்தேன். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு அடங்கியதும் சொன்னேன். ரஷ்யாக்காரன் தண்டவாளத்தைத் தன் நாட்டு அகலத்தில் போட்டான். பக்கத்துப் பாதையின் வண்டி அதில் ஏறாது. ஒவ்வொரு மூட்டையையும் இறக்கி, மனிதர்கள் தோளில் சுமந்து, அடுத்த வண்டியில் ஏற்றவேண்டும். பிரெஞ்சுப் பாதையோ நம்முடைய பழைய சித்தூர், பாகாலா பாதை மாதிரியே குறுகலான மீட்டர் கேஜ். ஏறியது அவனுடைய காலனியிலிருந்து, இறங்குவதும் அவனுடைய துறைமுகத்துக்கு. ஒரே நாட்டின் இரண்டு ஊர்களை இணைக்க யாருக்கும் அவசரம் இல்லை.

பிரின்சிபால் அம்மா தலையை அசைத்தார். சின்ன வயதில் ரேணிகுண்டாவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வண்டி மாறியது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டதாம். பேராசிரியர் மட்டும் விடவில்லை. "அந்த ஊர்க்காரர்கள் எல்லாம் சும்மாவா பார்த்துக்கொண்டிருந்தார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். சும்மா இருக்கவில்லை என்றேன். எங்கள் பாதையை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று மாகாணம் மாகாணமாகப் பங்கு சேர்த்தார்கள். சிச்சுவானில் நிலத்து விளைச்சலிலிருந்தே அதற்கு ஒரு பகுதி வசூலானதால், சாதாரண விவசாயிகூட இன்னும் ஓடாத ரயிலுக்குப் பங்காளியானான். கடைசியில் அரசு அதையும் பிடுங்கி, அந்நிய வங்கிகளின் கடனுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. மக்கள் கடையை மூடினார்கள், தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டுச் செத்தார்கள். அவர்களை அடக்கப் படையை அனுப்பிய வேறோர் ஊரில் கலகம் வெடித்தது. சில மாதங்களில் அரசர் முடி துறந்தார். ஆயிரக்கணக்கான வருட ராஜாங்கம் ஒரு ரயில்பாதைத் தகராறில் கண்ணுக்கு முன்னால் முடிந்துபோனது. 

வெளியே ஒரு மணி நேரம் உட்காரவைத்து, பிறகு உள்ளே கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். நான் வீட்டுக்குப் போன் பண்ணவில்லை. நேரில் சொல்லி, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கவேண்டும் என்று ஒரு குறும்பு.

வீட்டில் அவர் என்னைப் பார்த்ததும் முதலில் தறிகளை நிறுத்தினார். அப்புறம் துணியை வாங்கிப் பிரித்தார். தொங்கிக்கொண்டிருந்த நுனிகளைப் பார்த்துவிட்டார்.

"யாரு அறுத்தது?"

"நான்தாங்க. அங்க முடிச்சு போடக்கூடாது. வேணும்னேதான் விட்டிருந்தேன்."

அவர் நுனியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு நிமிராமலே சொன்னார்:

"பதினோரு வருசமா ரயில்ல போய்க்கினு வந்துக்கினு இருந்த. என் கை சும்மா இல்லாம ஒரே நாள்ல கெடுத்துட்டேன், இல்ல?"

என் குறும்பு எல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இவரை இத்தனை நேரம் காக்கவைத்தேனே என்று வெட்கமாகிவிட்டது.

"ஒண்ணும் கெடலைங்க. திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க."

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். திரும்பிப் போய் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு நான்கு தறியையும் ஓடவிட்டார். நான்காவது தறியில் பாவு நூலே இல்லை, வெறுமனே ஓடியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, தோள் குலுங்க அழுதார். நான் கிட்டே போகவில்லை. போனால் அழுகையை நிறுத்திவிடுவார்.