வியாழக்கிழமைகளில் கேட்ட இதயத்துடிப்பு

எங்கள் பங்குக் கோயிலில் சாட்சி சொல்லச் சொல்லி என்னை இரண்டு முறை அழைத்தார்கள். இரண்டு முறையும் மைக்கைப் பிடித்தபடி அழுதுவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பேச வராது என்று தெரிந்துபோயிற்று. அதனால் எழுதித் தருகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

என் பெயர் செலின். செந்துறைப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். என் கணவர் சகாயராஜ் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். கல்யாணமாகி நான்கு வருடம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொரோனா வருவதற்கு ஒன்றரை வருடம் முன்புதான் முதன்முதலாக உண்டானேன். ஐந்தாம் மாதம் ஸ்கேன் எடுக்கப் போனோம். அதுவரை பேசிக்கொண்டே இருந்த ஸ்கேன் டாக்டர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "குழந்தைக்கு இதயத்துடிப்பு ரொம்ப மெதுவா இருக்குதும்மா" என்றார். ஒரு குழந்தைக்கு இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை.

அதன்பின் நான் ஜெபித்த மாதிரி யாரும் ஜெபித்திருக்க மாட்டார்கள் என்றே நினைத்தேன். ஒன்பது நாள் நவநாள் ஜெபம் வைத்தேன். ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு வெறுங்காலோடு போனேன். ஏழாம் மாதம், தவக்காலத்தின் நடுவில், துடிப்பு நின்றுவிட்டது. ஆண் குழந்தை. என் கணவர் அவனைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் கல்லறைக்குப் போனார். சேவியர் என்று பேர் வைத்தோம். அந்தப் பேரைச் சொல்லி ஒரு நாளும் அவனைக் கூப்பிட்டதில்லை.

நான் ஜெபத்தை விட்டேன். பூசைக்குப் போவேன், நிற்பேன், வருவேன். வாய் அசையும். உள்ளே ஒன்றும் இருக்காது.

என் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்ததில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி, திருச்சியில் மூட்டுவாத நோய்கள் பார்க்கும் ஒரு டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பிள்ளை செத்ததற்கும் மூட்டுக்கும் என்ன சம்பந்தம்? அவர் என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "கண்ணுல மணல் விழுந்தாப்புல உறுத்துதா?" என்பதுதான். உறுத்தும். பல வருடமாக உறுத்துகிறது. சாக்பீஸ் தூள் என்று நினைத்திருந்தேன். தண்ணீர் குடிக்காமல் ஒரு வாய் சோறு இறங்காது. காலையில் விரல்களை மடக்க அரைமணி நேரமாகும். எல்லாம் வேலைக் களைப்பு என்றுதான் இருந்தேன்.

"நம்ம உடம்புக்குள்ள ஒரு காவல் படை இருக்குங்க" என்றார் டாக்டரம்மா. "வெளியிலேர்ந்து கிருமி வந்தா அடிக்கிறது அதோட வேலை. உங்களுக்கு அது சொந்த உடம்பையே அந்நியம்னு நெனச்சு அடிக்குது. அந்தப் படையில ஒரு வகை, தொப்புள்கொடி வழியா குழந்தைகிட்டப் போயி, இதயத்தைத் துடிக்க வைக்கிற நரம்பு மாதிரியான பாதையில காயம் பண்ணிடுச்சு."

"அப்ப என் இரத்தம்தானா மேடம்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. இது உங்களுக்குத் தெரியாம நடந்தது."

ஆனால் பஸ்ஸில் வரும்போது எனக்குக் காதில் ஒலித்ததெல்லாம் ஒன்றுதான். என் இரத்தமே என் பிள்ளையைக் கொன்றுவிட்டது. அதற்கப்புறம் பல மாதம் நான் கண்ணாடியில் முகம் பார்க்கவில்லை.

கொரோனா வந்தது. பள்ளி மூடியது. அந்த அடைபட்ட நாட்களில்தான் என் கணவரின் அக்கா ஜெயமேரி எங்களோடு வந்து இருந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். செந்துறையில் தையல் கடை வைத்திருந்தார். வாய் ஓயாமல் பேசுவார். நான் ஜெபமாலைக்கு உட்காராவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் பங்கையும் சேர்த்துச் சொல்லுவார். முதல் பாதி ஒரு குரலில், இரண்டாம் பாதி வேறு குரலில். ஒருநாள் அதைக் கேட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே என் பங்கை நான் சொன்னேன். நான் மறுபடி ஜெபிக்க ஆரம்பித்தது அப்படித்தான். பெரிய வெளிச்சமெல்லாம் ஒன்றும் வரவில்லை.

ஊரடங்கு தளர்ந்து டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது, "இன்னொரு குழந்தைக்கு ஆசை இருக்கா?" என்று அவரே கேட்டார். நான் தலைகுனிந்தேன். ஒரு முறை இப்படி நடந்தவர்களுக்கு மறுபடியும் நடக்கும் பயம் அதிகம் என்று அவரே முன்பு சொல்லியிருந்தார்.

"இப்ப ஒரு ஆராய்ச்சி வந்திருக்கு" என்றார். "மலேரியாவுக்குக் குடுத்த பழைய மாத்திரை. கொரோனா சமயத்துல டிவியில பேர் அடிபட்டுச்சே, அதேதான். எங்க நோயாளிகளுக்கு ரொம்ப நாளாவே குடுக்குறோம். அதை ஆரம்பத்துலேர்ந்தே சாப்பிட்டா, குழந்தைக்கு அந்தத் துடிப்புக் கோளாறு திரும்ப வர்றது பாதிக்கு மேல குறையுதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்க. வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். குறையுதுங்குறது நெசம்."

அண்ணிதான் கேட்டார். "அதை எப்படிங்க கண்டுபிடிச்சாங்க? யாருக்குக் குடுத்துப் பாத்தாங்க?"

"இவங்கள மாதிரியே ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு இப்படி ஆன அம்மாக்களுக்குத்தான். மறுபடியும் உண்டானப்ப, நாங்க சாப்பிடுறோம்னு சம்மதிச்சு வந்தாங்க."

டாக்டரம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணமாக இல்லை. எங்கோ வெளிதேசத்தில், எனக்குத் தெரியாத பாஷை பேசும் தாய்மார்கள். எனக்கு நேர்ந்தது அவர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. பலன் இருக்குமா என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். ஏலாக்குறிச்சியில் நான் முழந்தாளிட்டு, என்னைக் காப்பாற்ற யாராவது இருக்கிறார்களா என்று கதறிய அதே காலத்தில், முகம் தெரியாத அந்தப் பெண்கள் எனக்காக அந்த மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்திருக்கலாம். அன்றிரவு முதல் அவர்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி வருகிறேன். இன்றுவரை விடவில்லை.

அந்த மாத்திரை கண்ணைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனை முடித்து, உண்டாவதற்கு முன்பே மாத்திரையை ஆரம்பித்தோம். கசப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு போகாது. செப்டம்பரில் மாதா பிறந்த திருநாள் வந்தபோது எனக்கு இரண்டு மாதம் கடந்திருந்தது.

இங்கே என் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "விசுவாசம் உள்ளவளுக்கு மாத்திரை எதுக்குடி? அதைத் தூக்கிப் போடு, ஆண்டவர் பாத்துக்குவாரு" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் மூன்று நாள் மாத்திரையைச் சாப்பிடவில்லை. நான்காம் நாள் அண்ணி அட்டையை எண்ணிப் பார்த்துவிட்டார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"ஆண்டவரே வழி காட்டுங்கன்னு கேட்டது நீதானே? காட்டுனா, இந்த வழி வேணாம், வேற காட்டுங்குற. என்ன புள்ள இது?" என்று மாத்திரையைப் பிய்த்து உள்ளங்கையில் வைத்தார். தண்ணீர் டம்ளரோடு எதிரில் நின்றார். அழுதுகொண்டே விழுங்கினேன்.

நான்காம் மாதத்திலிருந்து வாராவாரம் குழந்தையின் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு வியாழக்கிழமையும் திருச்சி. என் கணவருக்கு ஷிப்ட் மாற்ற முடியாது. அண்ணி வியாழன்தோறும் கடையைப் பூட்டிவிட்டார்.

அந்த வியாழக்கிழமைகளை இன்று நினைத்தாலும் மனசு அங்கேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. ஐப்பசி மழை. செந்துறையிலிருந்து முதல் பஸ். டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட், எனக்கு ஜன்னல் ஓரம். அரியலூரில் இறங்கி டீ குடித்துவிட்டு திருச்சி பஸ். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும். மழைத்தண்ணி பட்டு ரோடே பால் கொட்டியது மாதிரி வெளுத்திருக்கும். குழியில் பஸ் இறங்கும்போதெல்லாம் அண்ணி தன் கையை என் வயிற்றுக்குக் குறுக்கே நீட்டுவார், ஏதோ அந்தக் கை பஸ்ஸையே தாங்கிவிடும் என்பது போல. லால்குடி வருவதற்குள் ஜெபமாலை முடிந்துவிடும். அப்புறம் ஊர்க்கதை. எவள் ஜாக்கெட்டுக்கு எப்படி அளவு கொடுத்தாள், எவள் தைத்து வாங்கிய பிறகு இளைத்துப்போனாள். திரும்பும்போது தூக்குவாளியில் புளிச்சோறு. கண்டக்டருக்கும் ஒரு வாய் கொடுப்பார். பயத்தோடுதான் போய் வந்தோம். ஆனாலும் நான் அவ்வளவு சிரித்த நாட்கள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

எக்கோ அறையில் மட்டும் இரண்டு பேரும் பேச மாட்டோம். குதிரை ஓடுவதுபோல் சத்தம் கேட்கும். அது கேட்கும்வரை அண்ணி மூச்சு விடமாட்டார்.

கிறிஸ்மஸுக்கு முன்னால் வரும் திருவருகைக்காலம் தொடங்குவதற்கு முந்தைய வியாழன். குதிரை ஓடியது. ஆனால் எக்கோ டாக்டர் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குத் தெரியும். ஒரு முறை பார்த்த மௌனம்.

"இதயத்தோட மேல் அறை துடிச்சு, கீழ் அறை துடிக்கிறதுக்கு நடுவுல ஒரு இடைவெளி இருக்குங்க. அது இந்த வாரம் கொஞ்சம் கூடியிருக்கு. எல்லையில நிக்குது. சனிக்கிழமை வந்துருங்க, மறுபடி பார்ப்போம்" என்றார். டாக்டரம்மாவிடம் ஓடினோம். அவர் மாத்திரையைத் தொடரச் சொன்னார். "சில சமயம் அளக்குறப்ப அப்படிக் காட்டும். காத்திருந்துதான் பாக்கணும்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணி கதை சொல்லவில்லை. புளிச்சோறு அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்தினேன், என்ன நடத்தினேன் என்று தெரியாது. மாலையில் கோயிலில் யாரும் இல்லை. முதல் பிள்ளைக்குக் கேட்டதுபோல் இந்த முறை பேரம் பேச வரவில்லை. இதைச் செய்கிறேன், அதைத் தருகிறேன் என்று ஒன்றும் வரவில்லை. "என்கிட்ட ஒண்ணுமே இல்ல ஆண்டவரே. கோபம் மட்டும் இருக்கு, பயம் இருக்கு. ரெண்டையும் வச்சுக்குங்க. இந்தப் புள்ளைய விட்டுருங்க" என்று வாய்விட்டே சொன்னேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் பின்வரிசையில் என் கணவர், ஆலைத் தூசியோடு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எப்போது வந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். சேவியர் போன பிறகு நாங்கள் சேர்ந்து அழுதது அன்றுதான்.

சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். டாக்டர் ஒரு முறை அளந்தார். இரண்டாவது முறை அளந்தார். மூன்றாவது முறையும் அளந்துவிட்டு நாற்காலியைத் திருப்பினார்.

"சரியா இருக்கும்மா. போன வாரம் எப்படி இருந்துச்சோ, அப்படியே இருக்கு."

அண்ணி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை அளவில் பிசகா, மாத்திரை வேலை செய்ததா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "எனக்கே தெரியாதும்மா" என்றார். அவர் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. என் ஜெபத்துக்குப் பதில் எது என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. டாக்டரம்மா படித்ததும் பதில்தான். அந்தத் தாய்மார்களின் சம்மதமும் பதில்தான். அண்ணி கடையைப் பூட்டியதும் பதில்தான்.

ஆபத்தான வாரங்கள் கிறிஸ்மஸோடு தாண்டின. உயிர்ப்புத் திருநாள் வந்த கையோடு, பங்குனி வெயிலில், அமலா பிறந்தாள். பிறந்த உடனே ஈசிஜி எடுத்தார்கள். பழுதில்லை. ஆறாம் வாரம் அவள் முகத்தில் சிவப்புச் சிவப்பாக வளையம் வளையமாக வந்தபோது மறுபடி கலங்கிப்போனேன். என் இரத்தத்திலிருந்து போன அந்தக் காவல் படையின் வேலைதான், தானாகவே மறையும் என்றார் டாக்டரம்மா. தவழ ஆரம்பிக்கும் முன்பே மறைந்துவிட்டது.

அவளுக்கு ஒரு வயது முடிந்தபோது, இந்த நோயைப் பற்றி இன்னும் ஆராய்கிறார்கள், உங்கள் இரத்தத்தையும் குறிப்புகளையும் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். விருப்பமில்லை என்றாலும் பரவாயில்லை என்றார்கள். என் கணவர் என் முகத்தைப் பார்த்தார். இந்த இரத்தத்தைத்தானே நான் அவ்வளவு வெறுத்தேன்? கையை நீட்டினேன். அது யாருக்கோ உதவும் என்றால் எடுத்துக்கொள்ளட்டும்.

அண்ணி இப்போது மகளோடு கோயம்புத்தூரில் இருக்கிறார். தையல் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. எனக்கு வியாழக்கிழமை என்றால் இன்னும் காலையில் சீக்கிரம் விழிப்பு வந்துவிடுகிறது. போன் போடுவேன். "என்ன புள்ள, பஸ் வந்துடுச்சா?" என்பார். இரண்டு பேரும் சிரிப்போம்.

என் கண் இன்னும் உறுத்துகிறது. விரல் காலையில் மடங்குவதில்லை. மாத்திரை தொடர்கிறது. நோய் போய்விட்டது என்று நான் சாட்சி சொல்லவில்லை. முதல் பிள்ளைக்காக நான் கேட்டது ஏன் கிடைக்கவில்லை என்றும் எனக்குத் தெரியாது. கல்லறைத் திருநாளில் சேவியருக்கு மெழுகுவர்த்தி ஏற்றும்போது அந்தக் கேள்வியை ஆண்டவரிடம் இன்னும் கேட்கிறேன். அவர் கோபித்துக்கொள்வதாகத் தெரியவில்லை.

இதைப் படிக்கிற சகோதரிகளுக்கு ஒன்று சொல்கிறேன். மூட்டு வலியோ, கண் உறுத்தலோ நாள்கணக்கில் இருந்தால் வேலைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள், போய்க் காட்டுங்கள். கொடுக்கிற மாத்திரையை யார் சொன்னாலும் நீங்களாக நிறுத்தாதீர்கள். பிள்ளையை இழந்து, ஜெபிக்க வாய் வராமல் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால், ஞாயிறு பூசை முடிந்ததும் வலது பக்கத் தூணருகில் நான் நிற்பேன், வாருங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் பங்கையும் சேர்த்து நான் சொல்கிறேன்.