நாலு பேர் இழுக்கும் படகு

உப்புவெளிப் பக்கம் ஒரு கடற்கரை விடுதியை மூடியபோது, அங்கிருந்த இரண்டு அலுமினியப் படகுகளை விற்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். உடனே கட்டாரிலிருந்த என் கணவருக்குச் சொன்னேன். அவர் அங்கே வேலைக்குப் போய் ஆறு வருடமாகியிருந்தது. திரும்பி வந்ததும் எங்களுக்கென்று ஒரு படகு வாங்குவதுதான் அவருடைய ஓயாத கதை. தொழிலுக்கு அல்ல, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் இரண்டு மகள்மாருமாகப் போய்த் தூண்டில் போட. துறைமுக வாயைத் தாண்டிப் போய்ப் பாரை மீன் பிடிக்க வேண்டும், அதற்கு விளிம்பு உயர்ந்த பாரமான படகுதான் சரி என்பார். வருகிற சித்திரையோடு வேலையை விட்டுவிட்டு வருவதாகவும் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. பள்ளிக்கூடம் விட்டதும் மகள்மாரைக் கூட்டிக்கொண்டு லிங்கநகரிலிருந்து ஓட்டோவில் போனேன். படகுகள் மணலில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஒரே நீளம், ஒரே சாம்பல் நிறம், இரண்டிலும் மூன்று இருக்கைப் பலகைகள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

"பாக்க ரெண்டும் ஒண்டுதான் அக்கா," என்றார் விடுதிக் காவலாளி. "இது தகடு தடிப்பு, விளிம்பும் ரெண்டு விரல் கூட. அலைக்கு நிண்டு பிடிக்கும். மற்றது லேசு."

வீடியோவில் கணவருக்குக் காட்டினேன். அடியைக் காட்டு, பொருத்தைக் காட்டு என்று கால் மணி நேரம் பார்த்தார். சின்னவள் இரண்டிலும் ஏறிக் குதித்துக் காட்டினாள்.

"லேசானத எடு," என்றார்.

"பாரமானதுதான் வேணுமெண்டு சொன்னனீங்கள்?"

"அத இழுக்க நாலு பேர் வேணும். லேசெண்டா நீங்கள் மூண்டு பேரும் சமாளிப்பியள்."

மூத்தவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்கள் சித்திரைக்கு வரேல்லையா?" என்று கேட்டேன்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிட்டன். உன்னட்டச் சொல்ல ஏலாமக் கிடந்தது."

நான் கோபப்படவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். காவலாளியிடம் திரும்பி, "பாரமானதையே தாங்கோ," என்றேன்.

அந்த வீம்பு லொறியில் வந்து இறங்கி, மூன்று மாதம் எங்கள் பக்கக் கரையில் கிடந்தது. ஒருநாள் மூவரும் இழுத்துப் பார்த்தோம்; ஒரு முழங்கூட நகரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் அவர், "கடலுக்குப் போனனீங்களா?" என்று கேட்பார். "ஓம், போனனாங்கள்," என்று பொய் சொல்வேன். என்ன மீன் பிடிபட்டது என்றுகூடச் சொன்னேன். கடைசியில் சின்னவள்தான் உடைத்தாள்.

"அப்பா, படகுக்குள்ள நாய் குட்டி போட்டிருக்கு."

அவர் சிரித்தார். பிறகு, எத்தனை குட்டி என்று கேட்டார்.

ஆவணியில் ஒரு மாத லீவில் வந்தார். வந்த மறுநாளே பனங்குற்றியை ஐந்து துண்டாக வெட்டி, அவற்றைப் படகுக்கு அடியில் போட்டு உருட்டிக் கொண்டுபோகக் காட்டித் தந்தார். ஒரே ஒரு ஞாயிறு காற்று ஒத்துவந்தது. இரவல் இயந்திரத்தைப் பூட்டி வெளிக்கடலுக்குப் போனோம். சின்னவள் அலைக்குத் தலை சுற்றிச் சத்தி எடுத்தாள். மூத்தவளின் தூண்டிலில் ஒரு பாரை மாட்டியது. அவர் போட்டிருந்த சேட்டைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு, பல் முழுதும் தெரியச் சிரித்தபடி பின்பலகையில் இருந்தார். அப்படி அவரைப் பார்த்து எத்தனையோ வருடம். லீவு முடிய, போய்விட்டார்.

இப்போது நாங்கள் மூவரும் மூச்சு வாங்க வாங்கப் படகை இறக்குகிறோம். துறைமுக வாயைத் தாண்டுவதில்லை. மூத்தவள் துடுப்புப் போடுகிறாள். அகப்படுவது அனேகமாகச் சிறிய ஓரா மீன்தான். போன வெள்ளி பின்னேரம் நாங்கள் தண்ணீரில் இருக்கும்போது அவர் வீடியோ கோல் எடுத்தார். பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதையாதேங்கோ," என்றார். "தண்ணிச் சத்தம் கேக்கட்டும்."

மூத்தவள் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்தாள். அலை தகட்டில் தட்டித் தட்டிப் போனது. திரையில் அவர் கண்ணை மூடியிருந்தார். எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. நான் போனைத் தண்ணீருக்குக் கிட்டப் பிடித்தபடி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.