நைனா போடாத கையெழுத்து

திருப்பதியில் எங்கள் புது வீட்டுச் சமையல் மேடைக்கு மேஸ்திரி கிரானைட் அறுக்க ஆரம்பித்ததும் வெள்ளைத் தூசி கூடம் வரை வந்தது. கூடவே சூடான கல் வாசனையும் வந்தது.

அது நைனாவின், என் அப்பாவின், சட்டை வாசனை. குடிபாலா பக்கம் ஒரு பட்டறையில் அவர் பதினோரு வருடம் கல் அறுத்தார். புருவம், காதுமடல் எல்லாம் வெள்ளையாகத்தான் வீட்டுக்கு வருவார். தூசியை அடக்கத் தண்ணீர்க் குழாய் கேட்டபோதெல்லாம் "பார்க்கலாம்" என்றார்கள்.

பிறகு அவருக்கு நுரையீரல் புற்றுநோய் வந்தது. இத்தனை வருடத் தூசியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அடுத்த வாரமே பட்டறை சூப்பர்வைசர் ஆப்பிளோடு வந்து, கையெழுத்துக்காக ஒரு தெலுங்குக் காகிதத்தை நீட்டினார். நைனாவுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. தெலுங்குப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் இருந்த நான் படித்துச் சொன்னேன்.

"நைனா, நீ அங்க வாட்ச்மேனாதான் இருந்தியாம். கல்லே அறுக்கலியாம்."

நைனா சூப்பர்வைசரைப் பார்த்தார். "பதினோரு வருஷம் தூசி துன்னுகினு வேல செஞ்சேன் சார். அதையே இல்லன்னு எழுதிக்கினு வந்துக்கிறீங்களே. எடுத்துக்கினு போங்க."

அந்த வருட ஈஸ்டருக்கு முன்பே நைனா இறந்துவிட்டார். பட்டறையிலிருந்து மாலை வந்தது. அம்மா அதை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். தண்ணீர்க் குழாய் மட்டும் அங்கே வரவேயில்லை.

கூடத்திலிருந்து எழுந்து போய் மேஸ்திரியின் மெஷின் பிளக்கைப் பிடுங்கினேன். "தண்ணி ஊத்தி அறுங்கண்ணா" என்றேன்.

"தண்ணி ஊத்தினா சேறாயிடும்மா. தூசின்னா பெருக்கிடலாம்" என்றார் மேஸ்திரி.

"சேத்த நான் கழுவிக்கிறேன்ணா. உங்க நெஞ்சுக்குள்ள யாரு பெருக்குறது?"

வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைக்கும்வரை பிளக்கை நான் அவரிடம் கொடுக்கவில்லை.