எட்டு ஃபுல்லுக்கு ஒரு பைட்

எங்கள் தோட்டத்தில் கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் மாரியம்மன் கோயில் படிக்கட்டு. அதிலும் உச்சிப் படிதான். ஒரு படி கீழே நின்றால் மற்றவர் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அவருக்குக் கேட்காது. ஆகவே ரகசியம், வெட்கம் எல்லாவற்றையும் செருப்போடு கீழே கழற்றி வைத்துவிட்டு, மேலே ஏறி நின்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். என் அம்மாவை வீட்டைவிட்டுக் கிளம்ப வைத்த பேச்சை நான் கத்தியது அங்கேதான்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் படித்துக்கொண்டிருந்தேன். கடைசி வருடம். எண்களை வேகமாகக் கூட்டும் மின்சுற்று ஒன்றை வடிவமைப்பது என் ஆய்வு. லீவில் வரும்போது அதையும் ஒரு பெட்டியில் போட்டு, ருவான்வெல்லை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன்.

அது என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒன்றோடு ஒன்றைக் கூட்டும் குட்டிச் சுற்றுக்கு ஹாப் அடர் என்று பெயர். பக்கத்து இலக்கத்திலிருந்து வரும் மிச்சத்தையும் சேர்த்துக் கூட்டினால் அது ஃபுல் அடர். இரண்டு ஹாப்பைச் சேர்த்தால் ஒரு ஃபுல் செய்யலாம். எட்டு ஃபுல்லை வரிசையாக வைத்தால் ஒரு பைட் அளவு எண்களைக் கூட்டலாம். பக்கத்துக்குப் போகும் அந்த மிச்சத்துக்கு கேரி என்று பெயர். இந்தப் பெயர்களையெல்லாம் வைத்த மகராசன் சத்தியமாக எங்கள் தோட்டப் பக்கம் வந்தவனில்லை. எங்கள் ஊரில் ஹாப் என்றால் அரைப் போத்தல் சாராயம். ஃபுல் என்றால் முழுப் போத்தல். பைட் என்றால் அதோடு கடித்துக்கொள்ளும் கடலையும் ஈரல் பொரியலும். கேரி எப்படிக் காதில் விழும் என்பதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

சிக்கல் இந்தக் கேரியில்தான். எங்கள் லயத்தில், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய தோட்ட வீடுகளில், எட்டுக் காம்பராக்கள். முதல் காம்பராவில் கிளம்பும் ஒரு செய்தி சுவர் சுவராகத் தாண்டித்தான் எட்டாவதுக்குப் போகும். அதுவரை எட்டாவது காம்பரா வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்க வேண்டும். கேரியும் அப்படித்தான் போகும். அதற்குப் பதில் ஒருத்தி முற்றத்தில் நின்று கத்தினால் எட்டுக் காம்பராவுக்கும் ஒரே நேரத்தில் கேட்டுவிடும் அல்லவா? கேரியை அப்படி முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிடும் சுற்றுதான் நான் செய்தது. இதை நான் இங்கே நாலு வரியில் சொல்லிவிட்டேன். எங்கள் விரிவுரையாளருக்கு அது ஒரு புத்தகம் கனத்துக்கு வேண்டுமாம்.

இனி அப்பா. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவர். நிறுத்துகிறேன் என்று பிள்ளைகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார், சம்பளத்தன்று அது காற்றில் போகும். ஒருமுறை எங்கள் தலைகள் கைக்கு எட்டாமல் மாட்டின் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். மாடு முட்டியதுதான் மிச்சம். நான் கேம்பஸ் போன வருடம், மாரியம்மன் கோயிலில் உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்தார். அன்றைக்கு அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "இனி ஒரு சொட்டு இவர் வாயில பட்டுச்சுன்னா, வரக்காப்பொலையில எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். திரும்பிக் கூப்பிடக் கூடாது." அதற்குப் பிறகு அப்பா தொடவில்லை. உண்மையாகவே தொடவில்லை.

சாராயக் கடைகள் மூடிக் கிடக்கும் பௌர்ணமி நாளான ஒரு போயா தினம் காலையில், கோயில் படியேறியபோது, என் ஆய்வுத் தோழியிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண் அவள். வேலை எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தாள். உச்சிப் படியில் நின்று அவளை அழைத்துச் சிங்களத்தில் கத்தினேன்: "ஹாப் தெக்கக் தாலா ஃபுல் எக்கக் ஹதாகத்தா! தென் ஃபுல் அட்டம ரெடி! பைட் எக்ககட்ட ஹரி!" இரண்டு ஹாப்பைப் போட்டு ஒரு ஃபுல் செய்துவிட்டேன், இப்போது எட்டு ஃபுல்லும் தயார், ஒரு பைட்டுக்குச் சரியாக இருக்கும் என்று அர்த்தம். அதோடு விட்டேனா? கடைசி ஃபுல்லுக்கு கேரி வரத் தாமதமாகிறது, விரிவுரையாளர் சேர் ஏசுவார், கேரியை முதலிலேயே எல்லாருக்கும் அனுப்பிவிட வேண்டும் என்றும் கத்தித் தீர்த்தேன்.

பின்னால் விளக்குத் துலக்கிக்கொண்டிருந்த மூன்றாம் காம்பரா சித்தியை நான் கவனிக்கவில்லை. சித்தி சந்தையில் மரக்கறி விற்றுச் சிங்களத்தைத் தண்ணீராகப் பேசுகிறவள். விளக்கை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறாள்.

செய்தி என்னுடைய சுற்றைவிட வேகமாகப் போய்விட்டது. நான் படி இறங்கி லயத்துக்கு வந்தபோது எட்டாம் காம்பராப் பெரியவர் எழுந்து நின்றார். எனக்காக அவர் ஒருநாளும் எழுந்ததில்லை.

"தாயி, எனக்கு ஒரு கிளாசு ஒதுக்கி வையி. கறி இல்லாட்டியும் பரவால்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்குள் போனால் அம்மா பையில் சீலைகளைத் திணித்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"ஏண்டி, ஒங்கப்பனுக்கு எட்டு ஃபுல்லு ஏற்பாடு பண்ணத்தான் ஒன்ன கேம்பஸுக்கு அனுப்பினோமா? அதுவும் கோயில் வாசல்ல நின்னுகிட்டு!"

"ஐயோ அம்மா, அது சாராயம் இல்லம்மா, கணக்கு!"

"ஆமா, கணக்குத்தான். எட்டு!"

அந்த நேரம் பார்த்தா அப்பா வந்து நுழைய வேண்டும்? கையில் ரப்பர் பால் பிசுபிசுக்க வாசலில் நின்றார். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது.

"நான் தொடல புள்ள. சூடம் கொண்டா, இப்பவே அணைக்கிறேன்."

"சூடத்துக்கே வெக்கமா இருக்கும்" என்றாள் அம்மா. "நேத்து ஒங்க சாரத்துணியில ஒரு பெட்டியச் சுத்தி மேல தட்டுல ஏத்துனீங்களே, அது என்னா?"

"அது புள்ளையோட சாமான். கூரை ஒழுகுதுன்னு பத்திரமா வெச்சேன்."

"அப்போ எறக்குங்க."

"மத்தவங்க கை படக்கூடாது, கெட்டுப் போயிரும்" என்றார் அப்பா. பாவம், நான் சொல்லி வைத்ததை அப்படியே சொன்னார். வாசலில் கூடியிருந்தவர்கள் எல்லாரும் "ஓஹோ" என்றார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்டூலைப் போட்டு ஏறி நானே பெட்டியை இறக்கினேன்.

திறந்தால் உள்ளே வெள்ளைப் பலகைகளும், கறுப்பு ஐசி சில்லுகளும், தலைவிரித்து நிற்கும் வயர்களும். சித்தி பலகையைத் தூக்கி அடியில் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள்.

"போத்தல் எங்க?"

"இதுதான் சித்தி ஹாப். இந்தா, இதுதான் ஃபுல். எண்ணிக்கங்க, எட்டு இருக்கும்."

பேட்டரியைப் பூட்டினேன். ஒன்பதையும் மூன்றையும் சுவிட்சுகளில் போட்டேன். வரிசையாக இருந்த குட்டி பல்புகளில் இரண்டு மட்டும் எரிந்தன.

"ஒம்போதும் மூணும் ரெண்டா?" என்றாள் சித்தி. "இதுக்கா கேம்பஸு?"

ஒவ்வொரு பல்புக்கும் ஒரு பெறுமதி உண்டு, கடைசியில் இருப்பது ஒன்று, அடுத்தது இரண்டு, பிறகு நாலு, எட்டு, பதினாறு என்று விளக்கினேன். எரிகிறது எட்டும் நாலும். அம்மா பையை விட்டுவிட்டு மெதுவாகக் கிட்டே வந்தாள். அழுத மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "பதினேழையும் பதினாலையும் போடு" என்றாள். போட்டேன். ஐந்து பல்புகள் எரிந்தன. அம்மா விரல் விட்டு எண்ணினாள்: பதினாறு, எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு.

"முப்பத்தொண்ணு" என்றாள். "சரியாத்தான் சொல்லுது."

எனக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. கேரி போகும் வயரைக் காட்டி, இது கறி இல்லை, மிச்சம் என்றேன். வேகமான சுற்றையும் மாட்டிக் காட்டினேன். அதிலும் பல்புகள் அதே மாதிரிதான் எரிந்தன.

"ரெண்டும் ஒண்ணுபோலத்தானே எரியுது, எங்க வேகம்?" என்றாள் சித்தி.

"அது கண்ணுக்குத் தெரியாது சித்தி."

"கண்ணுக்குத் தெரியாத வேகம், வாயில ஊத்த முடியாத ஃபுல்லு. நல்லாப் படிச்ச போ!"

லயமே சிரித்தது. எட்டாம் காம்பராப் பெரியவர் மட்டும் நிஜமாகவே மனம் உடைந்து வீட்டுக்குத் திரும்பினார். அம்மாவும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கூட்டம் கலைந்து போய், நாங்கள் மூன்று பேர் மட்டும் மிஞ்சிய பிறகுதான் அப்பா சிரிக்கவில்லை என்பதைக் கண்டேன். சுவரில் சாய்ந்து குந்தியிருந்தார்.

"இத்தன வருஷமா ஒரு சொட்டு தொடல" என்றார். "நான் வாயால சொன்னேன், நம்பல. சூடம் அணைக்கிறேன்னேன், நம்பல. பல்பு அஞ்சு எரிஞ்சதும் நம்பிட்ட."

அம்மாவின் சிரிப்பு நின்றது. கோபமாகச் சொல்வாள் என்று நினைத்தேன். கோபமே இல்லாமல் சொன்னாள்.

"பல்பு எனக்கு ஒரு நாளும் பொய் சொன்னதில்லைங்க."

அப்பாவுக்காக என் மனம் துடித்தது, ஆனால் அம்மா சொன்னதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. அப்பா எழுந்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, அம்மாவின் பையை அவிழ்த்தார். சீலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டார். அம்மா அவரைத் தடுக்கவும் இல்லை, உதவி செய்யவும் இல்லை. கடைசிச் சீலையும் கொடிக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.