பதிவுத் தபாலில் வரும் அப்பா

தபாற்பெட்டிக்குள் ஒரு தாள் கிடந்தது. அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் வீடுகளுக்குத் தபால் வராது என்று அதில் அச்சடித்திருந்தார்கள். அந்தத் தாளையும் தபாலில்தான் அனுப்பியிருந்தார்கள், அதுவும் ஒரு சனிக்கிழமை. நோர்வே மொழி எனக்கு இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் கெட்ட செய்தி எந்த மொழியில் வந்தாலும் விளங்கிவிடும். நானும் என் கணவரும் கிழமையில் ஐந்து நாளும் மீன் தொழிற்சாலையில் தொர்ஸ்க் என்று இவர்கள் சொல்லும் மீனை வெட்டுகிறோம். இந்த ஊரில் முக்கால்வாசிப் பேருக்கும் அதுதான் வேலை. வீட்டில் ஒருவரும் இல்லாத ஐந்து நாளும் தபால் வருமாம். ஆள் இருக்கிற ஒரு நாளில் வராதாம். இதைக் கண்டுபிடித்தவர் நல்ல சம்பளம் வாங்குகிறவராகத்தான் இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. "இந்தக் காலத்தில் யாருக்குக் கடிதம் வருகிறது?" என்று சிரித்தார்கள். எனக்கு வருகிறது. என் அப்பா எங்கள் ஊரில், பனிச்சங்கேணியில் இருக்கிறார். சண்டைக் காலத்தில் வாவிக் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டு நின்றபோது பக்கத்தில் ஒரு ஷெல் விழுந்தது. அன்றோடு அவருக்குக் காது போய்விட்டது. தொலைபேசியில் எவ்வளவு கத்தினாலும் கேட்காது. ஆகவே எழுதுகிறார். தம்பி சரியில்லை, சேனைப் பயிருக்குள் யானை புகுந்தது, இறால் விலை இறங்கிவிட்டது, வேறென்ன, எழுது. அவ்வளவுதான் கடிதம். ஆனால் அதை அவர் பதிவுத் தபாலில்தான் அனுப்புவார். பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்புகிற அட்டையையும் சேர்த்துத்தான் அனுப்புவார். அந்த அட்டைகளைக் கம்பியில் குத்திக் கூரைத் தடியில் தொங்கவிட்டிருக்கிறார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாளில் எங்கள் ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுப்பதில்லை. எல்லாவற்றையும் சந்திக் கடையில் போட்டுவிட்டுப் போவார்கள். பாண் வாங்க வந்தவன், பீடி வாங்க வந்தவன் எல்லாருடைய கையும் பட்டு, கடிதம் நம்மிடம் வரும்போது அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருக்கும். சண்டை வந்தபிறகு பிரித்துப் பார்க்கிற கைகள் வேறு கைகளாகின. சில கடிதங்கள் திரும்பி வந்தன. கொழும்பில் இருந்த சித்தப்பாவுக்கு அப்பா போட்ட கடிதம் அப்படித்தான் திரும்பி வந்தது. சித்தப்பா அதற்குப் பிறகு வரவேயில்லை. திரும்பி வந்த கடிதத்துக்கு எங்கள் பக்கத்தில் அந்த ஒரு அர்த்தந்தான்.

இங்கே தபால்காரர் ஊலா சனிக்கிழமை மத்தியானம் என் வாசலுக்கே வந்து, கையெழுத்து வாங்கி, கடிதத்தைக் கையில் தருவார். நான் அவருக்கு இஞ்சித் தேத்தண்ணீரும் வடையும் கொடுப்பேன். வாசலுக்கு வந்த மனிசனை வெறும் வயிற்றோடு அனுப்ப எனக்குத் தெரியாது. அவரோ ஒவ்வொரு தரமும் பதறிப்போய், "இதற்கு நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பார். "தின்ன வேண்டும்" என்பேன். அந்தத் தாள் வந்த அன்று அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சனிக்கிழமை வராவிட்டால் என் கடிதம் என்னாவது?"

"சீட்டு ஒன்று போட்டுவிட்டுப் போவேன். பட்டணத்துப் பலசரக்குக் கடையில் போய் எடுக்கலாம். இப்போது அங்கேதான் தபால் மேசை."

பலசரக்குக் கடையில்! இவ்வளவு தூரம் கடல் கடந்து, பனிக்குள் வந்து விழுந்தது மறுபடியும் கடையில் போய்த் தபால் எடுக்கவா? அதுவும் அந்தப் பட்டணம் மலைக்கு அப்பால். பனி கொட்டும் மாரியில் பாதி நாள் அந்தப் பாதையை மூடிவிடுவார்கள். மூடாத நாளில் என் கணவர் ஓட்ட மாட்டார். அவர் கொக்கட்டிச்சோலை வயல் வட்டைக்குள் உழவு இயந்திரம் ஓட்டிப் பழகியவர். சேற்றில் எங்கேயும் போவார். பனியைக் கண்டால் கார்ச் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிடுவார். "நீயே ஓட்டிக்கொண்டு போ" என்று ஊலா சொல்லவில்லை, ஆனால் பார்வையில் சொன்னார். எனக்கு ஓட்டத் தெரியாது.

அந்த மாரியில் நான் பயந்தது நடந்தது. பாதை மூடிக் கிடந்தது, கடையில் வைத்திருக்கும் காலம் முடிந்தது, அப்பாவின் கடிதம் பனிச்சங்கேணிக்குத் திரும்பிப் போனது. தம்பி ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, அப்பா ரெண்டு நாளாச் சோறு தின்னல்ல. நீ செத்துப் போயிட்டியாம். நாங்க மறைக்கமாம்."

"நான்தானே கதைக்கன்! போனை அவருக்கிட்டக் காட்டுடா."

காட்டினான். வீடியோவில் நான் கையை ஆட்டினேன், சிரித்தேன், தலையில் தட்டிக் காட்டினேன். அப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இது பழைய படம்," என்றார். "எனக்கென்ன தெரியாதெண்டு நினைச்சியா? செத்த ஆக்களும் போனுக்குள்ள கையாட்டுறாங்க. உசிரோட இருந்தா மறுகா கடிதம் ஏன் திரும்பி வந்த?"

என் கணவர் பின்னால் நின்று எட்டிப் பார்த்து, தானும் கையை ஆட்டினார். அப்பா, "ஐயோ, மருமகனுமா!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

நான் எழுதிய கடிதம் போய்ச் சேரும்வரைக்கும் அவர் பாதிச் சோறுதான் தின்றார். பதிவுத் தபால் வேண்டாம், சாதாரணமாக அனுப்புங்கள் என்று அதில் கெஞ்சியிருந்தேன். சரி என்று பதில் போட்டார். பதிவுத் தபாலில்.

இனிப் பொறுக்க ஏலாது என்று, ஊர்ச் சபையில் பொதுமக்கள் கதைக்கலாம் என்ற நாளில் போய் எழும்பி நின்றேன். நோர்வேக்காரர்கள் கூட்டத்தில் இருமுவதற்கே யோசிப்பார்கள். நான் கத்தினேன். "சனிக்கிழமை என் வாசலுக்கு ஒரு ஆள் வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் என் அப்பா செத்துப் போவார்!" என்றேன். வீட்டில் ஆயத்தப்படுத்திக்கொண்டு போன மற்ற வசனமெல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. கண்ணாடி போட்ட அதிகாரி மிகவும் கவலையோடு தலையை ஆட்டி, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். வென்றுவிட்டேன் என்று வீட்டுக்கு வந்தேன்.

சில கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை மணி அடித்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வெள்ளைத் தலை, சிவப்புத் தொப்பி, கையில் பின்னல் ஊசியும் நூலும்.

"நான் பெரித்," என்றாள் அந்த மனுசி. "உங்களைச் சனிக்கிழமைகளில் வந்து பார்க்கச் சொல்லிச் சபை அனுப்பியிருக்கிறது. தனிமை பொல்லாதது."

நான் அவள் கைகளைப் பார்த்தேன். "கடிதம் எங்கே?"

"கடிதம் இல்லை. நான் உங்கள் சிநேகிதி."

குசினிக்குள் என் கணவர் மீன் பொரித்துக்கொண்டிருந்தார். பெரித் அவரைக் கண்டு திடுக்கிட்டு, மெதுவாக, "இவர் யார்?" என்றாள். "கணவர்" என்றேன். "அப்படியா," என்று என் கையை இறுக்கமாகப் பிடித்தாள்.

"என்னகா இது?" என்றார் அவர். "நான் ஒருத்தன் மாடு மாதிரி நிக்கன். உனக்குத் துணைக்கு ஆள் அனுப்புறாங்களா?"

"நீங்க மலைக்கு அங்கால காரை ஓட்டியிருந்தா இவ ஏன் வாறா?" என்றேன். அவர் மீனைத் திருப்பிப் போட்டார்.

வந்தவளை அனுப்ப முடியுமா? தேத்தண்ணீர் கொடுத்தேன். வடையைத் தின்றாள், பதறவில்லை. இன்னொன்று கேட்டாள். எனக்குப் பிடித்துப்போனது. அப்பாவின் காதை, சித்தப்பாவை, சந்திக் கடையை, கம்பியில் தொங்கும் அட்டைகளை எல்லாம் என் உடைந்த மொழியில் சொன்னேன். பெரித் பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு, "நான் ஒவ்வொரு வெள்ளியும் மலைக்கு அப்பால் போகிறேன். என் கார் எந்தப் பனியிலும் போகும். உங்கள் கடிதத்தை எடுக்க எனக்கு அதிகாரம் எழுதித் தாருங்கள்" என்றாள். அடுத்த சனிக்கிழமை அப்பாவின் கடிதம் அவளுடைய கோட்டுப் பைக்குள் இருந்து வெளியே வந்தது. நாடு நிறுத்திய சனிக்கிழமைத் தபாலை ஒரு கிழவி திருப்பிக் கொண்டுவந்தாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுபடியும் தம்பி தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, அட்டை வந்திருக்கு. அதில கையெழுத்து உன்ர இல்லயாம். எவளோ ஒருத்தி வைச்சிருக்காளாம். உன்னை அடக்கம் பண்ணிப்போட்டு வீட்டில வேற ஆக்கள் இருக்காங்களாம். அப்பா திரும்பவும் சோத்தைத் தள்ளிப்போட்டார்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரோடு என்றுதான் தெரியவில்லை. நோர்வேயோடா, ஷெல் போட்டவனோடா, அப்பாவோடா? பெரித்திடம் சொன்னேன். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உங்கள் பெயரை உங்கள் எழுத்தில் எழுதிக் காட்டுங்கள்" என்றாள்.

ஞானம்மா. 'ஞா' அவளுக்குச் சிக்குப்பட்ட நூல் மாதிரித் தெரிந்ததாம். அதனால் பயமில்லாமல் பிடித்துக்கொண்டாள். மேசையில் குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, அந்த மாரி முழுவதும் சனிக்கிழமைகளில் என் பெயரை எழுதினாள். நான் பக்கத்தில் நின்று அதட்டினேன். இப்போது கடை மேசையில் அட்டையை நீட்டினால், வரிசையில் நிற்கிறவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, ஆற அமரத் தமிழில் என் பெயரைப் போடுகிறாள்.

போன சனிக்கிழமை அவள் கொண்டுவந்த கடிதத்தில் அப்பா எழுதியிருந்தார்: "மகள், அட்டை கிடைத்தது. இப்போதுதான் நிம்மதி. தம்பி சரியில்லை. நோர்வேக்குப் போய் உன் எழுத்து மிகவும் கெட்டுவிட்டது. ஆனால் உன் கைதான், எனக்குத் தெரியும்." அதைப் பெரித்துக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, இனிமேல் திருத்தமாக எழுதுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்றேன். அந்தக் கோணல் கையெழுத்துத்தான் அங்கே பனிச்சங்கேணியில், வாவிக் காற்றில் ஆடும் கம்பியில், என் பழைய கையெழுத்துகளுக்கு மேலே குத்தப்பட்டுத் தொங்குகிறது. நான் உயிரோடு இருக்கிறேன் என்று என் அப்பாவுக்குச் சொல்வது அதுதான்.