வாய்தா இல்லாத வழக்கு

பாளையங்கோட்டை போகும் டவுன் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மடியில், கைப்பிள்ளை கனத்துக்கு ஒரு வழக்குக் கட்டு இருந்தது. பிரேக் போடும்போதெல்லாம் கம்பியை விட்டுவிட்டு அதைத்தான் கட்டிக்கொள்வார். நான் திருத்திக்கொண்டிருந்த வரலாற்றுத் தாளை எட்டிப் பார்த்தார்.

“அரியோபாகஸ்னா என்னது சார்வாள்?”

கிரேக்கர்களின் பழைய நீதிச்சபை என்றேன். கடல் தெய்வத்தின் மகனைக் கொன்ற ஏரீஸ் என்ற போர்த் தெய்வத்தை ஒரு குன்றில் வைத்து விசாரித்து, மற்ற தெய்வங்கள் விடுதலை செய்தனவாம். அதனால் குன்றுக்கு ஏரீஸின் பெயர், அங்கே கூடிய சபைக்குக் குன்றின் பெயர்.

“எத்தனை வாய்தா வாங்கினான்?”

“வாய்தாவே கிடையாது. உடனே தீர்ப்புதான்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “கொலைக் கேச அப்படியா முடிப்பாவ? எங்க வரப்புக் கேசே இருவது வருசமா நல்லா நடக்கு. அந்த ஏரீசோட வக்கீலுக்கு வெவரம் பத்தாது. ஆனாலும் பாருங்க, கோர்ட்டுக்கே அவன் பேரு!”

கண்டக்டர் விசிலடித்தார். “வாய்தா அண்ணாச்சி, கோர்ட்டு வந்துட்டு. பைய இறங்குங்க.”

கட்டை அணைத்தபடி கம்பீரமாக இறங்கினார். அங்கே வழக்காடியவன் கோர்ட்டுக்குப் பெயர் கொடுத்தான்; இங்கே கோர்ட்டு இவருக்குக் கொடுத்திருக்கிறது. சொந்தப் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு வாய்தா வாங்கியிருப்பார்.