வெண்ணெய் இல்லாத வெள்ளை சூப்பு

இன்று மத்தியானம் என் மனைவி தனம் ஒரு கிண்ணம் சூப்பு குடித்தாள்.

குடித்தது வயிற்றில் நின்றது.

(இதையெல்லாமா ஊருக்குச் சொல்வார்கள் என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இன்று எனக்குக் கோபம் வராது.)

அவளுக்கு மஞ்சள் காமாலை. கண்ணெல்லாம் மஞ்சள். வைத்தியர் கீழாநெல்லி கொடுத்துவிட்டு எண்ணெய், நெய், வெண்ணெய், பாலாடை அத்தனைக்கும் தடை போட்டார்.

"கஞ்சி குடு, மோரு குடு, சொரக்கா குடு. வயித்துல ஒண்ணும் நிக்கலன்னா மருந்தும் நிக்காது. அப்புறம் என்ன கேக்காதபா" என்றார்.

கஞ்சி என்ற சொல் காதில் விழுந்ததும் தனம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"எங்கம்மாவுக்குக் கடேசியில கஞ்சிதான் ஊத்துனோம். எனக்கும் ஊத்தற கட்டம் வந்துடுச்சா? அப்ப சொல்லி அனுப்ப வேண்டியவங்களுக்குச் சொல்லி அனுப்பிடுங்க."

அதோடு வாயை மூடிக்கொண்டாள். டம்ளரைக் கொண்டுபோனாலே பல்லைக் கடித்துக்கொள்வாள். கை வளையல் முழங்கை வரை ஏறத் தொடங்கியது.

நான் வில்லியனூரில் மல்லாட்டை வியாபாரி; உங்கள் ஊரில் வேர்க்கடலை என்பீர்கள். மூட்டையில் கை விட்டால் உள்ளே எத்தனை சொத்தை என்று சொல்லிவிடுவேன். வீட்டில் ஒருத்தியைச் சாப்பிட வைக்க எனக்கு வழி தெரியவில்லை.

"இன்னாதான் சாப்புடுவ, சொல்லு."

"புதுச்சேரி கலியாணத்துல குடிச்சோமே, வெள்ள சூப்பு. அதுன்னா ஒரு வாய் குடிப்பேன்."

கேட்டது நல்ல சரக்கு. அந்தச் சூப்பில் பாதி வெண்ணெய், மீதி பாலாடை.

அந்தக் கலியாணத்துக்குச் சமைத்தவள் சூசையம்மா. புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு துரை வீட்டுக் குசினியில் இருந்தவள், இப்போது எங்கள் ஊர் மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிறாள். நேரே போய் நின்றேன்.

"வெண்ணெ, பாலாட இல்லாம அந்தச் சூப்பு வேணும், சூசம்மா."

"மல்லாட்ட இல்லாம மல்லாட்ட எண்ணெ ஆட்டிக் குடுப்பியா, மொதலாளி?"

"நோயாளிக்குக் கேக்கறேன்."

"யாருக்குக் கேட்டாலும் சூப்பு சூப்புதான். எம் பேரு கெட்டுப்போவும்."

தனத்தின் நிலைமையைச் சொன்னேன். கேட்டுவிட்டு அடுப்பை ஊதினாள். நீர்ப்பாலில் மைதா கரைத்து, வெங்காயமும் மிளகும் போட்டுக் காய்ச்சிக் கொடுத்தாள். பார்வைக்கு அதே வெள்ளைதான்.

தனம் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். முழுங்கவில்லை. துப்பிவிட்டுச் சொன்னாள்: "எலெக்சன் நோட்டீசு ஒட்ட வெச்சிருந்த பசைய எவன் குடுத்தான் உங்களுக்கு?"

(படுத்த படுக்கையிலும் அவளுக்கு வாய் குறையவில்லை. நம் ஊர் எலெக்சனில் தோற்றவர்களும் அப்படித்தான்.)

அதை அப்படியே போய்ச் சொன்னேன். சூசையம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பசையா? துர ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிக் குடிச்ச கையி இது."

"கோச்சுக்காத. ஒரு சரக்க எடுத்துட்டா அந்த எடத்துல வேறொரு சரக்கு வைக்கணும். நீ எடுத்த, வைக்கல. வெண்ணெ இன்னா வேல செய்யுது அதுல?"

"வழவழப்பு குடுக்குது."

"பாலாட?"

"திக்கா இருக்கும். கொஞ்சமா ஒரு புளிப்பும் குடுக்கும். அங்க அத ஒரு நாள் வெச்சிருந்துதான் ஊத்துவோம்."

"வழவழப்பு, திக்கு, புளிப்பு. இது மூணும் கொழுப்பில்லாம எங்க கெடைக்குது?"

அவள் வீட்டு உலையில் சோறு பதமாகியிருந்தது. பானையைச் சாய்த்து வடிக்க உட்கார்ந்தாள். வடிகஞ்சி சட்டியில் விழுந்தது, வெள்ளையாக, கெட்டியாக. இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"அய்யய்யே, கஞ்சிய ஊத்தி சூப்புன்னு சொல்லச் சொல்றியா?"

"நான் எங்க சொன்னேன்? நீதான் பாக்கற."

அப்புறம் அவள் கை நிற்கவில்லை. பிஞ்சுச் சுரைக்காயைத் தோல் சீவி, வெள்ளை வெங்காயத்தோடு குழைய வேகவைத்தாள். மசித்து மெல்லிய துணியில் வடிகட்டினாள். என் வீட்டுக் கிச்சிலிச் சம்பா அரிசியைக் கொண்டுவரச் சொல்லி, அதை வடித்த கஞ்சியை அதில் ஊற்றி ஒரு கொதி விட்டாள். இறக்கி ஆறவைத்து, வெண்ணெய் எடுத்த மோரை மெதுவாகக் கலந்தாள். சூட்டோடு ஊற்றினால் திரிந்துவிடுமாம். உப்பு, மிளகு, அவ்வளவுதான்.

டம்ளரில் கொடுக்கக் கூடாது என்று தன் பீங்கான் கிண்ணத்தையே எடுத்துக் கொடுத்தாள்.

தனம் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது கஞ்சிதான?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன்.

"எங்க வூட்டு அரிசி வாசன எனக்குத் தெரியாதா? யாரு செஞ்சா?"

"சூசம்மா."

"கஞ்சிய சூப்பாக்கணும்னு ஒருத்தி அடுப்புகிட்ட வெந்துருக்கா. சாவப்போறவளுக்கு யாரும் இவ்ளோ மெனக்கெட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கிண்ணத்தைத் தூக்கி வாயிலேயே வைத்துக் குடித்தாள்.

நான் வாசலுக்கு வந்துவிட்டேன். துண்டு கொஞ்சம் நனைந்தது. (வெயில்.)

உங்கள் வீட்டுப் பத்தியக்காரர்களுக்கும் செய்து கொடுங்கள். புகழைச் சூசையம்மாவுக்குக் கொடுங்கள்.

சாயங்காலம் அவளிடம் போய்க் கூலி பேசினேன். பேசி முடிந்தது இப்படி: கண்ணிலிருந்து மஞ்சள் இறங்கும் வரை தினமும் மத்தியானம் ஒரு கிண்ணம். அரிசியும் காயும் என்னுடையது. காசு வேண்டாம் என்றாள். கிண்ணத்தை மட்டும் கடைசி நாளில் நான் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. தனம் தன் காலால் நடந்து வந்து, அது நிறைய மல்லாட்டை போட்டுக் கொடுக்க வேண்டும்.